ஒரே மரபணு, இரண்டு குடல்: மியூனிக் சுண்டெலிகளும் இரட்டையர்களும்

முதலில் வால் தொங்கும். நல்ல சுண்டெலியைத் தூக்கிப் பிடித்தால் அதன் வால் விறைப்பாக நிற்கும், கொஞ்சம் சுழலும். நோய் வந்த சுண்டெலிக்கு அது நனைந்த கயிறு மாதிரித் துவண்டுவிடும். ஆய்வகத்தில் உடனே குறிப்பேட்டில் 1 என்று எழுதுவார்கள். பின்கால்கள் தளர்ந்தால் 2. அவை அடியோடு செயலிழந்தால் 3. செத்துப்போனால் 5. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இப்படி வாலையும் காலையும் பார்த்து எழுதிய எண்களிலிருந்து வந்ததுதான்.

இங்கே நான் சொல்ல வருவது அப்படி ஒரு சுண்டெலி வம்சத்தின் கதை. கூடவே, ஒரே கருவில் உருவாகி, ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போன ஜெர்மன் இரட்டையர்கள் சிலரின் கதையும். இரண்டும் சந்திக்கும் இடம் குடல். "குடலைச் சரிசெய்தால் எம்.எஸ். சரியாகிவிடும்" என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்களும் உண்டு, "குடலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்" என்று சிரிப்பவர்களும் உண்டு. இந்த இரு தரப்பும் இந்த ஒரு நிகழ்வை முழுதாகப் பார்த்திருந்தால் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. எம்.எஸ். வந்தவர்களுக்கு உடலின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களே அந்த உறையை அரிக்கின்றன. எங்கே அரிக்கின்றன என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்குச் சிறுநீர் கட்டுப்பாடு போகும். பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகும். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். மூளையை விட்டுவிடும் பெயர் என்பதால் எனக்கு அதில் முழுத் திருப்தியில்லை, எனவே எம்.எஸ். என்றே சொல்கிறேன். 1868இல் பாரிசில் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரு மடங்கு அதிகம்.

இதில் பழைய புதிர் ஒன்று உண்டு. மயலினைத் தாக்கக்கூடிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் நோயாளிகளிடம் மட்டும் இருப்பவை அல்ல. உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன. நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி இப்படிப்பட்ட செல்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும்; அழிக்கவும் செய்கிறது. ஆனால் சல்லடையில் சில தப்பிவிடும். தப்பியவை ஆயுள் முழுவதும் உறங்கிக்கொண்டே இருக்கலாம். யாரோ சிலருக்குத்தான் அவை விழித்துக்கொள்கின்றன. எழுப்புவது யார்?

எழுப்ப முடியும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வகையில் முன்பே தெரியும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட இந்தியாவில் தயாரான அந்தப் பழைய தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. போட்டுக்கொண்டவர்களில் வெகு சிலருக்கு, சில வாரங்களில் கை கால் விழுந்துவிடும். அது வெறிநோய் அல்ல. ஆட்டு மூளையின் மயலினைப் பார்த்துப் பழகிய நோயெதிர்ப்பு மண்டலம், அதே கோபத்தோடு சொந்த மூளையின் மீது பாய்ந்ததன் விளைவு. பாஸ்டர் காலத்துத் தடுப்பூசிகளிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1930களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றி, இதே வாதத்தை வரவழைத்துக் காட்டினார். எம்.எஸ். ஆய்வுக்கான விலங்கு மாதிரி பிறந்தது அங்கேதான்.

ஆனால் எம்.எஸ். நோயாளி யாரும் மூளைச் சாறு ஊசி போட்டுக்கொண்டவர் இல்லை. ஊசியில்லாமல், தானாக நோய் வரும் விலங்கு வேண்டும். அப்போதுதான் "எழுப்பியது யார்" என்ற கேள்வியைக் கேட்கவே முடியும்.

மியூனிக் நகரத்தை ஒட்டிய மார்ட்டின்ஸ்ரீட்டில், மாக்ஸ் பிளாங்க் நரம்புயிரியல் நிறுவனத்தில், ஹார்ட்முட் வெக்கர்லேயின் குழு 2009இல் அப்படி ஒரு சுண்டெலியை அறிமுகப்படுத்தியது. அதன் டி செல்களில் பெரும்பாலானவை மயலினில் உள்ள எம்.ஓ.ஜி. என்ற புரதத்தை அடையாளம் காணும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்டவை. யாரும் எதுவும் செய்யாமலே, பிறந்து சில மாதங்களில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய் வந்துவிடும். வரும், போகும், மறுபடி வரும், மனிதர்களுக்கு வருவது போலவே. அதனால் இவற்றுக்கு ஆர்.ஆர். (relapsing-remitting, வந்து வந்து போகும்) சுண்டெலிகள் என்று பெயர்.

சரி, இனி முக்கியமான சோதனை. கெர்ஸ்டின் பெரர், குருமூர்த்தி கிருஷ்ணமூர்த்தி, வெக்கர்லே ஆகியோரின் குழு இந்த வம்சத்தை ஃப்ரைபுர்க் நகரத்தில் உள்ள இன்னொரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் கிருமியற்ற கூடங்களில் வளர்த்தது. கிருமியற்ற என்றால் நாம் வீட்டில் சொல்லும் "சுத்தமாக வைத்திருப்பது" இல்லை. காற்று வடிகட்டி வரும், தீவனமும் தண்ணீரும் கிருமி நீக்கி வரும், மனிதக் கை கூடச் சுவரில் பதித்த ரப்பர் உறைக்குள் நுழைந்துதான் தொட முடியும். அப்படி வளரும் சுண்டெலியின் குடலில் ஒரு பாக்டீரியா கூட இருக்காது. மரபணு அதே மரபணு. டி செல்கள் அதே டி செல்கள். மூளையில் அதே எம்.ஓ.ஜி. புரதம்.

ஒன்றுக்கும் வால் தொங்கவில்லை.

அப்புறம் சாதாரணச் சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாக்களை இவற்றுக்குக் கொடுத்தார்கள். நோய்க் கிருமிகளை அல்ல, எல்லாச் சுண்டெலிகளின் வயிற்றிலும் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களைத்தான். நோய் வந்தது. 2011இல் நேச்சர் இதழில் இது வெளியானபோது துறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை சந்தேகம் எல்லாம் வெளியிலிருந்து வரும் தொற்றின் மீதுதான் இருந்தது. ஊர் வம்பு தெரியாமல் உள்ளேயே குடியிருப்பவர்கள் மீது யாரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை. யாருமே இல்லை என்று சொல்வது சரியில்லைதான். 1993இலேயே ஜோன் கோவர்மேன் குழு, வேறொரு வகை மரபணு மாற்றச் சுண்டெலிகளில், சுத்தமான கூடத்தில் வளர்ந்தவை தப்பிப்பதையும் சாதாரணக் கூடத்தில் வளர்ந்தவற்றுக்கு நோய் வருவதையும் கவனித்து எழுதியிருந்தது. அந்தக் கவனிப்பு உரிய மரியாதையைப் பெறப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஏன் குடல்?

நோயெதிர்ப்புச் செல்கள் என்றால் நமக்கு ரத்தமும் கழுத்தில் வீங்கும் நெறிக்கட்டியும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் உடலின் மிகப் பெரிய நோயெதிர்ப்பு முகாம் குடல் சுவர். காரணம் எளிது. சிறுகுடலின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆனது. அந்தப் பக்கம் சோறு, குழம்பு, கோடானுகோடி பாக்டீரியாக்கள். இந்தப் பக்கம் ரத்தம். இவ்வளவு மெல்லிய எல்லையில் காவல் பலமாக இருக்கத்தானே வேண்டும்? அதிலும் சிறுகுடலின் கடைப்பகுதியான இலியத்தில் பேயர் திட்டுகள் எனப்படும் காவல் சாவடிகள் அதிகம். உள்ளே போகிற வருகிற எதையும் பிடித்து வந்து டி செல்களுக்கும் பி செல்களுக்கும் காட்டி, "இது நண்பனா, பகையா" என்று கற்பிக்கும் இடம் அது.

இந்தப் பாடத்தை நடத்துவதில் பாக்டீரியாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2009இல் நியூயார்க்கில் இவாய்லோ இவானோவும் டான் லிட்மனும் விசித்திரமான ஒரு வேறுபாட்டைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே இனச் சுண்டெலிகள்தான். ஆனால் ஒரு நிறுவனத்திடம் வாங்கியவற்றின் குடலில் டி.எச்.17 என்ற அழற்சி வகை டி செல்கள் நிறைய இருந்தன, இன்னொரு நிறுவனத்திடம் வாங்கியவற்றில் இல்லை. தேடிப்போனால் காரணம் ஒரே ஒரு பாக்டீரியா. நூல் போல நீண்டு, இலியத்தின் சுவரைக் கவ்விப் பிடித்து வாழ்வது. எஸ்.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது குடலுக்குள் வந்தால் டி.எச்.17 செல்கள் பெருகும். இதைக் கையில் எடுத்துக்கொண்டு கலிஃபோர்னியாவில் சர்கிஸ் மஸ்மேனியன் குழு அடுத்த படியை ஏறியது. கிருமியற்ற சுண்டெலிகளுக்கு, ஊசி வழியாக வரவழைக்கும் அந்த மூளை அழற்சி லேசாகத்தான் வந்தது. எஸ்.எஃப்.பி.யை மட்டும் குடலில் குடியேற்றியதும் நோய் மறுபடி வலுத்தது.

மார்ட்டின்ஸ்ரீட் சுண்டெலிகளிலும் இதே சாயல் தெரிந்தது. கிருமியற்றவற்றின் குடல் சுவரில் டி.எச்.17 செல்கள் குறைவு. மயலினுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கும் பி செல்களும் திரளவில்லை. ஆக நிகழ்வின் வரிசை ஏறக்குறைய இப்படி: உறங்கும் டி செல் குடலில் விழிக்கிறது, பெருகுகிறது, பி செல்களையும் சேர்த்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஏறுகிறது, மூளையின் எல்லையைக் கடக்கிறது. மயலின் மூளையில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தாக்கும் தைரியம் குடலில் வந்து சேர்கிறது. என் பார்வையில் இந்த ஆய்வு வரிசை முழுவதற்கும் சாரம் இதுதான்.

எழுப்பும் விதமும் ஒன்றில்லை. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் ஹிரோஷி ஓனோ குழு 2020இல் காட்டியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுண்டெலியின் சிறுகுடலில் இருந்த ஒரு பாக்டீரியா பொதுவாக அழற்சியைத் தூண்டிவிடுகிறது. இன்னொன்றிடம் மயலின் புரதத்தின் ஒரு துண்டைப் போலவே தோற்றமளிக்கும் புரதம் இருக்கிறது. தனித்தனியாக இருந்தால் அவ்வளவு சேதமில்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால் நோய் முற்றுகிறது. அந்த இரண்டாவது பாக்டீரியா எது தெரியுமா? லாக்டோபேசிலஸ் ரூட்டெரி. புரோபயாட்டிக் மாத்திரைகளில் "நல்ல பாக்டீரியா" என்று விற்கப்படும் அதே இனம். வேறு சில சோதனைகளில் இதே இனம் நன்மை செய்ததாகவும் முடிவு வந்திருக்கிறது. பாக்டீரியாக்களை நல்லவன், கெட்டவன் என்று பிரிக்கும் பழக்கத்தை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

இரட்டையர்கள்

சுண்டெலி சரி, மனிதன்? டி செல்களையே மாற்றி அமைத்த விலங்கை வைத்து மனித நோயைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்று யாரும் கேட்கலாம். கேட்டார்கள்.

மனிதர்களிடம் செய்ய முடிந்தது மலத்தைப் பரிசோதிப்பது. 2015 முதல் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பல இடங்களிலிருந்து பட்டியல்கள் வரத் தொடங்கின. எம்.எஸ். நோயாளிகளிடம் இந்தப் பாக்டீரியா கூடுதல், அந்தப் பாக்டீரியா குறைவு. சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அக்கர்மான்சியா கூடுதல், நார்ச்சத்தை நொதிக்க வைத்து ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் தரும் சில இனங்கள் குறைவு, பிரிவொட்டெல்லா குறைவு. ஆனால் இந்தப் பட்டியல்களில் ஒரு பெரிய ஓட்டை. மனிதருக்கு மனிதர் குடல் பாக்டீரியா அவ்வளவு மாறும். மரபணு, சாப்பாடு, ஊர், சிறுவயதில் தின்ற ஆன்டிபயாடிக், எல்லாமே மாற்றும். நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு நோயினால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் மியூனிக் குழுவின் கெட்டிக்காரத்தனம். ஒரு கரு இரட்டையர்களில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் நான்கில் ஒரு பங்குதான். அப்படியென்றால் நான்கில் மூன்று ஜோடிகளில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் இல்லை. மரபணு ஒன்று. பிறந்த வீடு ஒன்று, தாய்ப்பால் ஒன்று, சிறுவயதுச் சாப்பாடு ஒன்று. மியூனிக் பல்கலைக்கழகத்தில் ரைன்ஹார்ட் ஹோல்ஃபெல்டும் லிசா ஆன் கெர்டெசும் ஜெர்மனி முழுவதிலிருந்தும் இப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடிச் சேர்த்தார்கள்.

2017இல் வந்த முதல் முடிவு 34 ஜோடிகளைப் பற்றியது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் மொத்தப் படத்தை ஒப்பிட்டால் பெரிய வேறுபாடே இல்லை! மருந்து எடுக்காத நோயாளிகளிடம் அக்கர்மான்சியா முதலிய சில கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான். பட்டியல் போடுவதோடு நிறுத்தியிருந்தால் இது சுவாரசியமில்லாத ஆய்வாக முடிந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த மலத்தை எடுத்து, கிருமியற்ற ஆர்.ஆர். சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். நோயுள்ள இரட்டையரின் பாக்டீரியா பெற்ற சுண்டெலிகளுக்கு, நோயில்லாத இரட்டையரின் பாக்டீரியா பெற்றவற்றைவிடத் தெளிவாக அதிகமாக நோய் வந்தது.

எதனால் என்று பார்த்தபோது ஒரு தடயம் கிடைத்தது. நோயாளியின் பாக்டீரியா பெற்ற சுண்டெலிகளின் நோயெதிர்ப்புச் செல்கள் ஐ.எல்.10 என்ற பொருளைக் குறைவாகச் சுரந்தன. ஐ.எல்.10 அழற்சியை அடக்கும் சமிக்ஞை, சண்டையில் "போதும் விடுங்கப்பா" என்று விலக்கிவிடும் பெரியவர் போல. நோயில்லாத இரட்டையரின் பாக்டீரியா பெற்ற சுண்டெலிகளில் அந்த ஐ.எல்.10ஐ வேண்டுமென்றே முடக்கினார்கள். அவற்றுக்கும் நோய் கூடியது. அதாவது நோயாளியின் குடலில் தூண்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது ஒரு வாய்ப்பு. அடக்குகிறவன் இல்லை என்பது இன்னொரு வாய்ப்பு. இந்த இரண்டாவது வாய்ப்பைப் பொதுவாக யாரும் பேசுவதில்லை.

அக்கர்மான்சியாவைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு ஆய்வுகளில் கூடுதலாகத் தென்படுவதால் அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகம் வர மூன்று காரணங்கள். எம்.எஸ். நோயாளிகளுக்கு மலச்சிக்கல் சகஜம், மலம் இறுகும்போது அக்கர்மான்சியா கூடுவது ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படும் விஷயம். இரண்டாவது, நோய் முற்றிய கட்டத்தில் உள்ள சுண்டெலிகளின் மலத்தைக் கொடுத்தபோது அக்கர்மான்சியா பெருகி நோய் தணிந்தது என்று 2019இல் ஒரு ஆய்வு வந்தது. மூன்றாவது, பாஸ்டனில் நோயாளிகளைப் பார்த்ததில் அக்கர்மான்சியா கூடுதலாக உள்ளவர்களுக்கு உடல் முடக்கம் குறைவாகவே இருந்தது. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி எந்தத் தெருவில் அடிக்கடி நிற்கிறதோ அங்கேதான் கொசு அதிகம். அதற்காகக் கொசுவைக் கொண்டுவந்தது வண்டிதான் என்று சொல்வோமா?

இரட்டையருக்கு மரபணு ஒன்று, ஆனால் வளர்ந்த பிறகு ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு அடுப்பு. அந்தக் குறையை வேறொரு பெரிய ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து நிரப்பியது. சான் ஃபிரான்சிஸ்கோவின் செர்ஜியோ பரன்சினி முன்னின்று நடத்திய பன்னாட்டுக் கூட்டு முயற்சியில், 576 நோயாளிகளையும் அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 576 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் கணவன் மனைவி. மரபணு வேறு, சாப்பாடு ஒன்று. 2022இல் வெளியான அந்தப் பட்டியலில் அக்கர்மான்சியாவோடு ஐசன்பெர்கியெல்லா டாயி என்றொரு பெயரும் இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இலியத்துக்குள் போன குழாய்

மலத்தைப் பார்த்துக் குடலைப் பற்றிப் பேசுவது, சாக்கடை முகத்துவாரத்தில் நின்றுகொண்டு ஊருக்குள் எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று சொல்வது மாதிரி. பெருங்குடலின் கடைசிச் சரக்குதான் அதில் வரும். டி செல்களுக்குப் பாடம் நடக்கும் இலியமோ அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. இவ்வளவு ஆண்டுகள் இந்தத் துறை முழுவதும் மலத்தையே நம்பியிருந்ததற்குக் காரணம், அது எளிதாகக் கிடைக்கும் என்பது தவிர வேறில்லை.

2025இல் அதே மியூனிக் குழு, ஹொங்சப் யூனை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த இடத்தைத் தொட்டது. இப்போது ஜோடிகள் 81. மலத்தில் 50க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் நோயாளிக்கும் அவரது இரட்டையருக்கும் இடையே வேறுபட்டன. அதற்கடுத்து, தேர்ந்தெடுத்த சில ஜோடிகளின் குடலுக்குள் எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, வெவ்வேறு பகுதிகளிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்தார்கள். நோயில்லாத இரட்டையரும் இதற்கு ஒப்புக்கொண்டு படுத்திருக்கிறார். தனக்கு எந்தப் பலனும் இல்லாத ஒரு சோதனைக்காக எண்டோஸ்கோப்பிக்கு உட்படுவது சாதாரண விஷயமா? கூடப்பிறந்த பாசம் ஆய்வுக் கட்டுரையில் எந்த அட்டவணையிலும் வராது.

எடுத்ததைக் கிருமியற்ற சுண்டெலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள். நோயாளியின் இலியத்திலிருந்து வந்தது, அவரது இரட்டையரின் இலியத்திலிருந்து வந்ததைவிட வெகு அதிகமாக நோயை உண்டாக்கியது. பெண் சுண்டெலிகளுக்கு ஆண்களைவிட அதிகமாக நோய் வந்தது. மனித நோயில் பெண்கள் அதிகம் என்பதை நினைத்தால் இது கவனிக்க வேண்டிய செய்தி. நோய் வந்த சுண்டெலிகளின் குடலில் எது பெருகியிருக்கிறது என்று தேடியபோது இரண்டு பெயர்கள் மேலே வந்தன. ஒன்று லாக்னோகுளோஸ்ட்ரிடியம். இன்னொன்று, முன்பு 576 ஜோடிகளின் பட்டியலில் ஓரமாக நின்ற அதே ஐசன்பெர்கியெல்லா டாயி. இரண்டும் லாக்னோஸ்பைரேசி என்ற ஒரே குடும்பம். மனிதக் குடலில் பொதுவாக மிகச் சிறிய அளவில் வாழ்பவை. கூட்டத்தில் முகம் தெரியாத ஆட்கள்.

வேடிக்கை என்னவென்றால், ப்யூட்டிரேட் தரும் "நல்ல" இனங்கள் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவேறாகப் போவது இரட்டையர் கதையில் மட்டுமில்லை போலிருக்கிறது.

இந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு பாக்டீரியாக்களின் பெயர் கிடைத்துவிட்டதால் வழக்கு முடிந்துவிடவில்லை. குடலுக்குள் குழாய் விட்ட ஜோடிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சுண்டெலியோ, டி செல்கள் முன்பே மயலினைக் குறிபார்த்து நிற்கும் சுண்டெலி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வைத்துத் தீக்குச்சியைச் சோதிப்பது போன்றது. ஆனால் முறை சரியானது. பட்டியலில் இருக்கிறதா என்று கேட்காமல், நோயை உண்டாக்குகிறதா என்று கேட்டார்கள். சரியான இடத்திலிருந்து எடுத்தார்கள். சரியான ஆளோடு ஒப்பிட்டார்கள்.

குடலிலிருந்து மூளைக்குப் போகிறவர்கள் எல்லாம் அடியாட்கள் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். டொரொன்டோவில் ஜெனிஃபர் காமர்மேன் குழு 2019இல், குடலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் செல்கள் அழற்சி நேரத்தில் மூளைக்குப் பயணமாவதைக் காட்டியது. அவை அங்கே போய் ஐ.எல்.10ஐச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன. குடல் பாக்டீரியாக்களை அடையாளம் காணும் அதே வகைச் செல்கள், நோய் தீவிரமாக இருக்கும் எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலும் கிடைத்தன. ஒரே பாதையில் சண்டைக்காரனும் போகிறான், சமாதானம் பேசுகிறவனும் போகிறான்.

"குடல் அழற்சியும் மூளை அழற்சியும் ஒன்றுதான்" என்பவர்களுக்கு மருந்துகளின் வரலாறே பதில் சொல்லும். ஐ.எல்.17 என்ற அழற்சிப் பொருளை முடக்கும் செகுகினுமாப் என்ற மருந்து, சிறிய அளவில் நடந்த எம்.எஸ். சோதனையில் மூளையில் புதிய காயங்களைக் குறைத்தது. அதே மருந்து க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாளிகளுக்கு நிலைமையை மோசமாக்கியது. டி.என்.எஃப். என்ற பொருளை முடக்கும் மருந்துகள் க்ரோன்ஸ் நோயில் பெரும் பலன் தந்தவை, எம்.எஸ்.ஸில் அந்த வழியை முயன்றபோது நோய் தாக்குதல்கள் கூடின. நட்டாலிசுமாப் மட்டும் இரண்டுக்கும் உதவுகிறது, ஏனென்றால் அது செல்களின் மனதை மாற்றுவதில்லை, ரத்தத்திலிருந்து அவை இறங்கும் கதவை மூடுகிறது.

கேட்கப்படும் கேள்வி

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நோயாளியோ வீட்டாரோ கேட்பது ஒன்றுதான்: அப்படியென்றால் என்ன சாப்பிட வேண்டும்?

மனிதர்களிடம் நடந்த முயற்சிகளில் எனக்கு ஓரளவு கனமாகத் தோன்றுவது ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தில் நடந்தது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் சிறிய கொழுப்பு அமிலங்களில் ஒன்று புரோபியானிக் அமிலம். ஐதன் ஹாகிக்கியா, ரால்ஃப் கோல்ட் குழு எம்.எஸ். நோயாளிகளின் ரத்தத்திலும் மலத்திலும் அது குறைவாக இருப்பதைக் கண்டது. தினமும் 1 கிராம் வீதம், அவர்கள் எடுத்துவந்த மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அழற்சியை அடக்கும் டி செல்கள் கூடின. தொடர்ந்து எடுத்தவர்களிடம் நோய் தாக்குதல்கள் குறைந்ததாகவும் 2020இல் எழுதினார்கள். பிரெட் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பொருளின் உறவுதான் இது, ஆகவே பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் நீண்டகாலப் பகுதியில் போலி மருந்தோடு (மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு) ஒப்பிடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மல மாற்றுச் சிகிச்சையையும் முயன்றிருக்கிறார்கள். கனடாவில் 9 நோயாளிகளோடு நடந்த முன்னோட்டச் சோதனையில் பெரிய தீங்கு இல்லை என்று தெரிந்தது. 9 பேரை வைத்துப் பலனைப் பற்றிப் பேச முடியாது, அவர்களும் பேசவில்லை.

நார்ச்சத்து, கீரை, பருப்பு, முழுத் தானியம் ஆகியவற்றைக் கூட்டுவதில் எம்.எஸ். நோயாளிக்கு நஷ்டம் ஏதும் இல்லை, மலச்சிக்கலுக்காவது உதவும். ஆனால் தயிரையும் புரோபயாட்டிக்கையும் நம்பி, நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துகிறேன் என்று கிளம்பினால், அது மேலே சொன்ன எந்த ஆய்விலும் இல்லாத முடிவு. ஒக்ரிலிசுமாப், நட்டாலிசுமாப் போன்றவை ஆயிரக்கணக்கானவர்களிடம் போலி மருந்தோடோ பழைய மருந்தோடோ ஒப்பிட்டு நிரூபிக்கப்பட்டவை. குடல் ஆய்வுகள் அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை. குடல் மட்டுமே காரணம் என்றும் யாரும் சொல்லவில்லை. 2022இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கானது தெரிந்தது. அந்த வைரஸ் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. நோய் வருவதோ சிலருக்கு. மரபணு, வைரஸ், குடல் என்று பல சாவிகள் ஒரே பூட்டில் திரும்ப வேண்டும் போலிருக்கிறது.

எல்லா பாக்டீரியாவையும் ஆன்டிபயாடிக் போட்டு அழித்துவிட்டால்? சுண்டெலியில் அதையும் செய்து பார்த்தார்கள், நோய் குறையவும் செய்தது. ஆனால் ஃப்ரைபுர்க் கூடத்தில் வாழ்ந்தது போன்ற கிருமியற்ற சுண்டெலியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதன் குடல்முனைப் பை ஊதிப் பெருத்திருக்கும். பேயர் திட்டுகள் சின்னதாக, வளராமல் கிடக்கும். குடல் பாக்டீரியா தரவேண்டிய வைட்டமின் கே தீவனத்தில் கலந்து வரும். கூடத்தை விட்டு வெளியே எடுத்தால் முதலில் எதிர்ப்படும் கிருமியே அதற்கு ஆபத்து. எம்.ஓ.ஜி.யைக் குறிபார்க்கும் டி செல்கள் அதன் உடலில் அப்போதும் முழு எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பர் உறைக்குள் கைவிட்டு அதைத் தூக்கிப் பார்க்கிறவர், வால் விறைப்பாக நிற்பதைக் கண்டு, குறிப்பேட்டில் 0 என்று எழுதுவார்.